சுழி பார்த்து வாங்கிய நாய்

வேலந்தாவளம் மாட்டுச்சந்தையில் பூபதிராஜாவை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறந்து வரவில்லை. இதைச் சொன்னது யார் என்று கேட்டால், பூபதிராஜாதான். மற்றவர்கள் மறுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் பொய் இல்லை. தரகு பேச நின்றால் மனுசன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து விரிப்பார். துண்டுக்கடியில் எதிராளியின் விரலைப் பிடிப்பார். ஒரு பேச்சுக் கிடையாது. எந்த விரலை எப்படி அழுத்துகிறார் என்பதிலேயே விலை ஏறும், இறங்கும், முடியும். கையை வெளியே எடுக்கும்போது எதிராளி முகம் தொங்கிப்போயிருக்கும். இவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

மாட்டின் குணம் அதன் சுழியில் இருக்கிறது என்பது அவர் கட்சி. நெற்றியில் மயிர் எங்கே சுழித்திருக்கிறது, முதுகில் எங்கே, வால் பக்கம் எங்கே என்று தடவிப் பார்த்தே இது முட்டும், இது உதைக்கும், இது குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிடுவார். முக்கால்வாசி பலிக்கும். மீதிக்கு மாட்டை வாங்கினவனுடைய ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட பூபதிராஜா ஒரு சந்தை நாளன்று, மூன்று மணி வெயிலில், கயிற்றில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். பழுப்பு நிறம். கன்றுக்குட்டி உயரம். அவர் மனைவி யோகப்பிரியா பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவள். காலையும் சாயங்காலமும் பால் அளக்கப் போய்விடுவாள். அன்றைக்குச் சாயங்கால வேலைக்குக் கிளம்பி நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"பாத்தாத் தெரியல? நாய்."

"நாயின்னு தெரியுதுங்க. நம்மூட்டு வாசல்ல எதுக்கு நிக்குது?"

"காவலுக்கு. வளத்துனவிய வெளிநாடு போறாங்களாம். சும்மாவே குடுத்துட்டாங்க. செவலைன்னு பேரு வெச்சுட்டேன்."

"மூணு வயசுப் புள்ள இருக்கற ஊடுங்க இது. கடிச்சுதுன்னா?"

பூபதிராஜா சிரித்தார். சந்தையில் புதுப்பையன்கள் ஏதாவது கேட்டால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"நான் பாக்காம ஓட்டிட்டு வருவனா? இங்கெ வா. நெத்தியில பாரு, ஒத்தைச் சுழி. முதுகுல பாரு, தாமணிச் சுழி, ஊட்டுக்கு நல்லது. ஆகாத பாடைச் சுழி இருக்குதான்னு வயிறு வரைக்கும் தடவிப் பாத்துட்டேன். இல்ல. பல்லும் பாத்தாச்சு, கடைப்பல்லு வரைக்கும் மொளைச்சுருச்சு."

"அதெல்லாம் மாட்டுக்குங்க."

"நாலு காலு இருக்குதில்ல? வாலு இருக்குதில்ல? அப்பறம் என்ன?"

"ஊசி போட்டிருக்குதுங்களா? பஞ்சாயத்துல லைசென்ஸ் எடுக்கோணுமே, எடுத்திருக்குதா?"

"சுழி சுத்தமா இருக்கற நாய்க்கு எதுக்கு அம்மிணி ஊசி?"

யோகப்பிரியா நாயைப் பார்த்தாள். நாயும் அவளைப் பார்த்தது. அதன்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. புது இடத்துக்கு வந்த பயத்தில் அது கால் மாற்றி மாற்றி நின்றது. "பொழுதோட வந்து பேசிக்கறேன். அதுவரைக்கும் நாயைப் பின்னால கட்டுங்க, புள்ளையை மடியில வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பூபதிராஜா அன்றைக்கு ஒரு நாள் அப்படிச் செய்தார். அடுத்த சில நாளில் கயிறு அவிழ்ந்தது. மடியும் காலியானது.

அவர்கள் மகள் பவிஷ்னா. வீட்டில் பவி. அவளுக்கு அடங்கி உட்கார்ந்து பழக்கமில்லை. செவலையைக் கண்டதும் அவளுக்கு அது ஒரு பெரிய பொம்மை ஆகிவிட்டது. காதை இழுத்தாள். வாலைப் பிடித்து வண்டி ஓட்டினாள். அது பொறுத்துக்கொண்டது. பார்க்கப் பார்க்கப் பூபதிராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சாயங்காலம், நாய் முன்வாசலில் படுத்திருக்க, பவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மேலே கிடந்ததைப் படம் எடுத்து, 'பாசம்னா இது' என்று எழுதி வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் போட்டார். சந்தையே பார்த்தது. யாரோ அழுகிற பொம்மைகூட அனுப்பினார்கள்.

சொசைட்டியிலிருந்து யோகப்பிரியாவும் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, இந்தப் போட்டோ எங்கெ நின்னு எடுத்தீங்க?"

"எங்கெ நின்னு எடுத்தா என்ன? பக்கத்துல நின்னுதான்."

"பக்கத்துலயா? அப்ப இந்த மூலையில வர்க்கி பாட்டில் எப்புடிங்க வந்துச்சு?"

பூபதிராஜா போனை வாங்கிப் பார்த்தார். படத்தின் இடது மூலையில், துல்லியமாக, வர்க்கி நிறைந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்று நின்றது. அது எதிர்ச்சாரியில் இருக்கிற சைனுதீன் டீக்கடைப் பாட்டில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாகப் படத்தைப் பெரிதாக்கி எடுத்திருக்கிறார்.

"அட கெரகமே" என்றார்.

"புள்ளையையும் நாயையும் தனியா உட்டுப்போட்டு ரோட்டத் தாண்டிப் போயிருக்கீங்க."

"ரெண்டே எட்டுதான் அம்மிணி."

"நாய் திரும்பறதுக்கு அரை எட்டுப் போதுங்க. இன்னொண்ணு சொல்லுங்க. இதுல செவலை எங்கெ பாக்குது?"

"எங்கெயோ பாக்குது."

"அதான். புள்ளையப் பாக்கல. மூஞ்சிய அக்கட்டத் திருப்பிட்டுது. காது பின்னால போயிருக்குது. கண்ணுல வெள்ள தெரியுது. இது பாசமில்லைங்க. எப்ப எறங்குவாளோன்னு கெடக்குது."

அவளுடைய தம்பி கன்னத்தில் ஒரு தழும்பு இருப்பது பூபதிராஜாவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவர்கள் வீட்டு நாயே கடித்தது. அதைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

"அன்னிக்கு நான் பக்கத்துலதானுங்க இருந்தேன். தம்பி அதோட சோத்துச் சட்டியப் புடிச்சு இழுத்துட்டே இருந்தான். அது மூஞ்சியத் திருப்புச்சு. உறுமுச்சு. எந்திரிச்சுத் தள்ளிப் போச்சு. இவன் பின்னாலயே போனான். கடைசியிலதான் கடிச்சுது. நல்லா இருந்த நாய் வெறி புடிச்சுப்போச்சுன்னு ஊரே சொல்லுச்சு. எங்கப்பா அதை அடிச்சே கொன்னு போட்டாரு. தம்பிக்குத் தழும்போட போச்சு. அந்த நாய் அத்தனை தடவை சொன்னது ஒருத்தர் காதுலயும் விழுகல." அவள் கண் கலங்கிவிட்டது. "செவலையக் கொண்டுபோய் உட்டுருங்க. அடுத்த சந்தைக்குள்ள."

"அதெல்லாம் முடியாது. நம்ம நாய் அப்புடி இல்ல. சுழி..."

"சுழியச் சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும்."

அவள் அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். பிறகு வேறு விதமாக ஆரம்பித்தாள்.

"சரிங்க. நாயைவிட நீங்க பொறுமைசாலிதானே?"

"இதென்ன கேள்வி?"

"ஞாயித்துக்கெழமை ஒரு நாள் நீங்க செவலையா இருங்க. அது படுக்கற பாயில படுங்க. பேசக்கூடாது. கையி கூடாது. செவலைக்கு இல்லாதது உங்களுக்கும் இல்ல. புள்ள அதுகூட எப்புடி விளையாடுறாளோ அப்புடியே உங்ககூட விளையாடட்டு. பொழுது சாயற வரைக்கும் நீங்க ஒண்ணுஞ் செய்யாம இருந்துட்டீங்கன்னா, நாயைப் பத்தி நான் இனி வாயே தொறக்கல."

பெற்ற பிள்ளையோடு விளையாட ஒரு பந்தயமா! பூபதிராஜா தொடையைத் தட்டி ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செவலையைப் பின்னால் தொழுவத்து நிழலில் கட்டிவிட்டு, யோகப்பிரியா மகளைக் கூப்பிட்டாள். "பவி, இன்னிக்கு அப்பாதான் செவலை." பவிக்கு நம்ப முடியவில்லை. அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு காதைப் பிடித்தாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. மீசையை இழுத்தாள். சிரித்தார். தலையில் கொட்டிக் கொட்டிப் பவுடர் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டார். முதுகில் ஏறி 'ஹை ஹை' என்றாள். தரகர் நாலு காலில் இரண்டு சுற்று வந்தார். வாசலில் எட்டிப் பார்த்த சைனுதீன், "தரகரே, சுழி சுத்தமா இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல வாயைத் திறந்த பூபதிராஜா, மனைவி பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

மத்தியானம் கோழிக்குழம்பு. தட்டைத் தரையில் வைத்தாள் யோகப்பிரியா. கை கூடாதே, குனிந்து வாய் வைக்கப் போனார். பவி கோழிக்காலை எடுத்துக்கொண்டாள். போகட்டும், பிள்ளைதானே. அடுத்து ஈரலை எடுத்தாள். பிறகு தட்டையே இழுத்தாள். பூபதிராஜாவுக்குத் தெரியாமலே தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"உர்ர்ர்..."

பவி கை தட்டினாள். "அப்பா, மறுக்கா!"

மறுக்கா உறுமினார். இந்தத் தடவை நிஜமாகவே உறுமினார். அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

அரை வயிறோடு பாயில் போய்ப் படுத்தார். கண் அசந்த நேரத்தில் வயிற்றின்மேல் குதித்தாள். எழுந்து அடுத்த அறைக்குப் போனார். பின்னாலேயே வந்தாள். மூலைக்குப் போனார். அங்கேயும் வந்தாள். கடைசியில் கட்டிலுக்கடியில் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார். இருட்டு, புழுக்கம், தலையில் பவுடர், வயிற்றில் பசி. இனி போக இடமில்லை. வெளியே போகிற ஒரே வழியில் பவி தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு பென்சில். "செவலைக்கு ஊசி" என்று சொல்லி, அதைக் காதுக்குள் விட்டாள்.

என்ன நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வெடுக்கென்று தலை திரும்பியது. பவியின் கை அவர் வாய்க்குள் இருந்தது.

பவி வீரிட்டாள். யோகப்பிரியா ஓடிவந்து பிள்ளையை வெளியே இழுத்து அணைத்துக்கொண்டாள். ரத்தம் இல்லை, தோல்கூடக் கிழியவில்லை. சின்ன மணிக்கட்டில் பல் அச்சு மட்டும் சிவந்து தெரிந்தது. பூபதிராஜா கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கடிக்கோணும்னு கடிக்கல, யோகா."

அவள் சிரிக்கவில்லை. பார்த்தீர்களா என்றும் கேட்கவில்லை. பிள்ளையை அவர் மடியில் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"எனக்குத் தெரியுங்க. பெத்த அப்பன் நீங்க. உங்களுக்கே அவ்வளவுதான் முடிஞ்சுது. செவலைக்குச் சொல்லத் தெரியாதுங்க. தள்ளிவிடக் கையி இல்ல. இருக்கறது பல்லு மட்டுந்தான்."

பவி விசும்பிக்கொண்டே அப்பாவின் மீசையைத் துடைத்துவிட்டாள். பூபதிராஜா அழுதுவிட்டார். தரகர் அழுது அந்த வீடு பார்த்ததில்லை.

சாயங்காலம் அவர் பின்பக்கம் போய்ச் செவலையின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அது ஒருதரம் அவர் கையை நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. இத்தனை நாளும் அது எத்தனை தடவை மூஞ்சியைத் திருப்பியிருக்கும், தான் எத்தனை தடவை டீயை உறிஞ்சிக்கொண்டு பார்த்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தார். உள்ளே வந்தார்.

"யோகா, நான் தோத்துட்டேன்."

"சரிங்க. அப்ப அடுத்த சந்தைக்குக் கொண்டுபோய் உட்டுருங்க."

"அங்கெ உட்டா அது ரோட்டுலதான் திரியும். ஊசியும் இல்ல, ஒண்ணுமில்ல. அது என்ன பாவம் பண்ணுச்சு? கடிச்சது நானு."

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆகாம நான் பாத்துக்கறேன். நீ என்ன சொல்றியோ செய்யறேன். நாயி மட்டும் இருக்கட்டு."

யோகப்பிரியா யோசித்தாள். பிறகு எழுந்து வந்து, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்தாள். துண்டுக்கடியில் கையை விட்டாள். பூபதிராஜா திகைத்துப் போய்த் தன் கையையும் விட்டார்.

அவள் அவருடைய சுண்டு விரலைப் பிடித்தாள்.

"இது வேலி. பின்னால பாதி எடம் செவலைக்கு. கதவுக்கு மேல்கொக்கி. பவி கைக்கு எட்டக்கூடாது. அதுக்குள்ள அது சாப்புடட்டு, தூங்கட்டு. யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது."

"சரி."

அடுத்த விரலை அழுத்தினாள். "நாளைக்கே மிருகாஸ்பத்திரி. ஊசி. அப்பறம் பஞ்சாயத்து லைசென்ஸ். வருசா வருசம்."

"சரி."

நடுவிரல். "காலையில நடத்திக் கூட்டிட்டுப் போறது நீங்க. கயிறு கையில. வழியில அது போறதை அள்ளறதும் நீங்க."

"அள்ளோணுமா?"

விரல் நெரிந்தது. "சரி, சரி."

ஆள்காட்டி விரலைப் பிடித்தபோது அவள் குரல் தழைந்தது. "நான் சொசைட்டிக்குப் போயிருக்கறப்ப ரெண்டும் ஒண்ணா வெளிய இருந்தா, நடுவுல நீங்க இருக்கோணும். போன் கையில இல்லாம. சைனுதீன் கடைக்குப் போகோணும்னா செவலை வேலிக்குள்ள, பவி உங்க இடுப்புல. இதுல ஒரு எட்டும் கெடையாதுங்க, அரை எட்டும் கெடையாது."

பூபதிராஜா எதிர்ச்சாரிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். சாயங்கால டீக்கடை அவருக்குச் சந்தைக்கு அடுத்த சந்தை. பிறகு அவரே அவள் விரலை அழுத்தினார்.

கட்டை விரல் மிச்சம் இருந்தது. "பவிக்குச் சொல்லிக் குடுக்கோணும். திங்கறப்பயும் தூங்கறப்பயும் கிட்டப் போகக்கூடாது, மேல ஏறக்கூடாது, அது தள்ளிப் போனா உட்டுரோணும்னு. அதை நீங்கதான் சொல்லோணும். உங்க பேச்சைத்தான் அவ கேப்பா."

அவர் முழுக் கையையும் கொடுத்துவிட்டார். "முடிஞ்சுது."

வேலிக்கு வலைக்கம்பி சொல்ல வேண்டுமே என்றார். "நான் சொல்லிக்கறனுங்க" என்றாள். மறுநாள் காலையில் அவர் நாய்க்கு ஊசி போட்டுக் கூட்டிவருவதற்குள் வலை வந்து வாசலில் இறங்கிக் கிடந்தது. கம்பு நட்டு, வலை கட்டி, கதவு போட்டு முடித்தார். அன்றைக்கு உள்ளே சோற்றை வைத்துக் கொக்கியை மாட்டியதும் செவலை நிதானமாகத் தின்றது. பிறகு மல்லாக்கப் படுத்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கியது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அது அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. பவி வலைக்கு இந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்து, "அப்பா, கம்முனு இருங்க. செவலை தூங்குது" என்றாள்.

அந்தச் சாயங்காலங்கள் பூபதிராஜாவுக்குப் பிடித்துப்போயின. மகள், நாய், நடுவில் அவர். செவலை தானாக வந்து தலையைக் கொடுத்தால் பவி இரண்டு தடவை தடவிவிட்டுக் கையை எடுப்பாள். போனால் விட்டுவிடுவாள். நாய் முகத்தை எந்தப் பக்கம் வைத்திருக்கிறது என்று பார்க்க அவரும் பழகிவிட்டார். பவியை இடுப்பில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போகும்போது, தான் எப்படி ஒரு ஜீவனைக் காப்பாற்றினேன் என்று சைனுதீனிடம் தினமும் சொன்னார். பொம்பளை பிடிவாதத்தில் நின்றாளாம். இவர்தான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாராம். துண்டுக்கடியில் யார் கை பெரிது என்று அவளுக்கும் புரிந்ததாம். சைனுதீன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜிபி வந்தான். கொழிஞ்சாம்பாறை ஹார்டுவேர் கடையில் சாமான் வண்டி ஓட்டுகிறவன். மிச்சமான வலையைத் திரும்ப எடுத்துப்போக வந்தவன், வேலியை ஆட்டிப் பார்த்து, "நல்லா நிக்குது, சேட்டா" என்றான்.

"நிக்காம? சொன்ன மறுநாளே கொண்டாந்து போட்டியே, அதைச் சொல்லு."

"மறுநாளா? அக்கா அளவு சொல்லி வெச்சது நீங்க நாயைக் கொண்டாந்த அன்னைக்கேயாக்கும். சொசைட்டியில இருந்து போன் பண்ணுச்சு. எறக்கவா எறக்கவான்னு நானுந்தான் கேட்டுட்டிருந்தேன். கொஞ்சம் பொறு ஜிபி, ஆளு இன்னும் பழுக்கலைன்னு சொல்லுச்சு."

பூபதிராஜா விறுவிறுவென்று உள்ளே போனார். யோகப்பிரியா பவிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, நாயை அனுப்பறதா உனக்கு நெனப்பே இல்லையா? கொண்டுபோய் உடு, கொண்டுபோய் உடுன்னு ஒத்தக்கால்ல நின்னியே?"

அவள் சீப்பை எடுக்காமலே சொன்னாள்.

"ஏனுங்க தரகரே, சந்தையில மொத வெலையவா கடைசி வெலையாச் சொல்லுவாங்க?"